மிதி இலேசானால் மகிழலாமா?

சுமை குறைந்தால் மகிழ்வது மனித இயல்பு. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் பெருமூச்சு விடுகிறான். கணக்குப் பாடம் இல்லாத நாளில் மாணவன் துள்ளிக் குதிக்கிறான். எதிர்காற்று ஓய்ந்தால் துவிச்சக்கர வண்டிக்காரன் சீழ்க்கை அடிக்கிறான். ஆயினும், உழைத்து ஒரு பயனைப் பெறவேண்டிய இடத்தில், காரணம் தெரியாமல் உழைப்பு இலேசாகிவிட்டால், மகிழ்வதற்கு முன் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பயன் எங்கேயோ கசிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த இலேசே முதல் அறிகுறியாகும். இவ்வுண்மையை விளக்கத் தக்க பொருள் ஒன்று இக்காலத்தில் வெளிநாட்டுத் தமிழர் இல்லங்களிற் புகுந்திருக்கிறது. அஃது ஓர் ஓடாத வண்டி.

‘ஸ்மார்ட் ட்ரெயினர்’ என்ற பெயரால் வழங்கும் இப்பயிற்சிப் பொறி, கனடா, நோர்வே, இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் வாழும் எம்மவர் பலருக்கு இன்று பழக்கமானது. வெளியே பனி கொட்டும் மாதங்களில், சொந்தத் துவிச்சக்கர வண்டியையே வீட்டுக்குள் இப்பொறியிற் பூட்டி, நின்ற இடத்திலேயே உழக்குகிறார்கள். இதில் இரு வகை உண்டு. ஒன்றில், வண்டியின் பின்சில்லு ஓர் உருளையின்மேல் அழுந்திச் சுழலும். மற்றதில், பின்சில்லைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே பொறியின் பற்சில்லில் மாட்டுவர். இரு வகையிலும் சுழலும் பாரச்சில்லும், அச்சுழற்சியைத் தடுக்கும் காந்தமும் உண்டு. உழக்குபவரின் வலு எத்தனை வாற்று என்பதைக் கணித்துக் கம்பியின்றிக் கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ அனுப்புவதும், அங்கிருந்து வரும் கட்டளைப்படி தடையைக் கூட்டிக் குறைப்பதும் இதன் சிறப்பு. திரையில் மலை தோன்றினால் மிதி கனக்கும்; இறக்கம் தோன்றினால் இலேசாகும்.

தொடாமலே காந்தம் எவ்வாறு தடுக்கும் என்று மாணவர் வினவுவர். இதற்கு விடை கண்டவர்களின் வரிசை நீண்டது. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பரடே, 1831 ஆம் ஆண்டில் செம்புத் தட்டொன்றைக் காந்த முனைகளுக்கிடையே சுழற்றி மின்னோட்டத்தைப் பெற்றார். இவ்வாறு தூண்டப்படும் மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த அசைவையே எதிர்க்கும் என்று 1834 இல் லென்ஸ் என்னும் அறிஞர் விதி வகுத்தார். காந்தத்தினிடையே சுழலும் செம்புத் தட்டு சுழற்றுவதற்குக் கடினமாவதையும், அது சூடேறுவதையும் 1855 இல் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ காட்டினார். தட்டுக்குள்ளேயே நீர்ச்சுழிபோல ஓடும் மின்னோட்டமே இதற்குக் காரணம். பயிற்சிப் பொறி மிதியைக் கனக்கச் செய்வது பெரும்பாலும் இச்சுழிப்பு மின்னோட்டத்தைக் கொண்டுதான். மின்னோட்டம் பிறக்கும் இடத்தில் எதிர்ப்பும் கூடவே பிறக்கிறது. ஒன்றை விலக்கி மற்றொன்றைப் பெற எவராலும் இயலாது.

இவ்விதியைப் பாடநூலிற் படிக்குமுன் காலாற் படித்தவர்கள் வன்னி மக்கள். 1990 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், எங்கள் பிரதேசத்தில் மின்சாரம் என்பது பழங்கதையாயிற்று. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெயோ பொன்போல அரியது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் இட்டு, அதன் மூடியில் திரி பொருத்திய விளக்கின் முன் அமர்ந்தே நாமும் எமது உயர்தர வகுப்புப் பாடங்களைப் படித்தோம். 2002 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தடைகள் தளர்த்தப்படும்வரை, முள்ளியவளையில் மட்டுமன்றி வன்னியெங்கும் வானொலியைப் பேசவைத்தது துவிச்சக்கர வண்டியின் டைனமோவே.

முன்விளக்கை எரிப்பதற்கென்று 6 வோல்ற்று, 3 வாற்று அளவில் அமைந்த சிறு கருவி அது. வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுழற்றுவோரும், பின்சில்லு நிலத்தைத் தொடாதபடி தாங்கியில் நிறுத்தி ஏறியமர்ந்து உழக்குவோரும் இருந்தனர். டைனமோவில் பிறப்பது திசைமாறும் மின்னோட்டம். அதனை ஒரே திசைக்குத் திருப்ப நான்கு இருவாயிகள், ஏற்றத் தாழ்வைச் சமன்செய்ய ஒரு கொள்ளளவி; அவ்வளவே சாதனம். சிறிய வானொலிக்கு ஒரு வாற்றுக்கும் குறைந்த மின்வலு போதும். இரவானால் அயலார் ஐந்தாறு பேர் முற்றத்திற் கூடுவர். பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அவ்வாறே எம்மை வந்தடைந்தன. 2017 ஆம் ஆண்டில் தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டபோது, அதன் குரலைக் காலால் உழைத்துக் கேட்ட ஒரு தலைமுறை அச்செய்தியைத் தனி உணர்வுடன் கேட்டிருக்கும்.

எம் வீட்டில் உழக்குபவர் அத்தான். எமது தமக்கையின் கணவரான அவர், அக்காலத்தில் முப்பது வயதைக் கடந்தவர். நாமோ பதினெட்டு வயது மாணவர். உழக்கும் வேகம் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து மறையும். ஆகவே, சீராக உழக்குவது பெரும் பொறுப்பு. செய்தியிலே தமக்குத் தெரிந்த ஊரின் பெயர் வந்து, அங்கே குண்டு விழுந்ததென்று கேட்டால், உழக்குபவரின் கால் தன்னையறியாமல் நின்றுவிடும்; மிகுதிச் செய்தி இருளில் அமிழ்ந்துவிடும். ‘உழக்குங்கோ, உழக்குங்கோ’ என்று சுற்றியிருந்தோர் அப்போது பதறிய குரல் இன்றும் எம் செவியில் உண்டு. அத்தானின் கால்கள் அத்தகைய வேளைகளிலும் நின்றதில்லை.

அந்த டைனமோவுக்கு நோய் வருவதும் உண்டு. மிதி வழக்கத்துக்கு மாறாக இலேசாகி, வானொலியும் மௌனமானால், அத்தான் இரண்டே இடங்களைப் பார்ப்பார். ஒன்று, டைனமோவின் தலை டயரிற் பிடிக்காமல் வழுக்குகிறதா? மழை நாளில் இது வழக்கம். துணியால் துடைத்து, திருகை நெருக்கி, பழைய டியூப்பில் வெட்டிய இரப்பர் வளையம் ஒன்றைத் தலையில் மாட்டினாற் பிடிப்பு வந்துவிடும். மற்றொன்று, மின்சுற்று அறுந்துவிட்டதா? டைனமோவிலிருந்து போகும் கம்பி ஒன்றுதான். திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. பூட்டிய இடத்தில் வர்ணமோ துருவோ மறித்தால் சுற்று முழுமையடையாது; மின்னோட்டம் இல்லை; ஆகவே எதிர்ப்பும் இல்லை. கத்தி முனையால் அவ்விடத்தைச் சுரண்டினால் மிதி மீண்டும் கனக்கும். வானொலி பேசத் தொடங்கும். இதற்கு மாறாக, மிதி கனத்தும் குரல் எழாவிட்டால், அச்சில் எண்ணெய் வற்றி, உழைப்பு உராய்விலே சூடாக வீணாகிறதா என்று நோக்குவார். மிதியின் கனத்தைக்கொண்டு நோயை அறியும் இம்முறையை அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை, தேவையே கற்பித்தது.

அந்த வண்டி 2008 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஊர் பெயர்ந்த வழியில் எங்கேயோ கைவிடப்பட்டது. அத்தானும் அக்காவும் பின்னர் மகனுடன் கனடா சென்று, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கின்றனர். அறுபதைக் கடந்த அத்தானுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இருதய நோய் கண்டது. சிகிச்சைக்குப்பின், அளவான உடற்பயிற்சி செய்யும்படி வைத்தியர் பணித்தார். மருமகன் தன் பழைய வண்டியைப் பயிற்சிப் பொறியொன்றில் பூட்டி, நிலக்கீழ் அறையில் நிறுத்திக் கொடுத்தான். அத்தான் ஒழுங்கு மிக்கவர். நாள், நிமிடம், வாற்று, நாடித்துடிப்பு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்துவந்தார். நிமிடத்துக்கு 60 சுற்றாக உழக்கி, 80 வாற்றைத் தொட்டபோது அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு ஊர் வரவேண்டும். கடல்நீரில் விளக்கெரியும் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் வணங்கி, அங்கிருந்து அடியார்களுடன் வற்றாப்பளைக்கு நடக்கவேண்டும். அக்காவின் நேர்த்தியும் அதுவே.

மாசி மாதத்தில் மருமகனின் தொலைபேசி அழைப்பு வந்தது. “மாமா, அப்பாவின்ரை எண் நாளுக்கு நாள் விழுது. எண்பது நிண்ட இடத்திலை இப்ப ஐம்பது. தன்ரை இருதயம் பழுதாப் போச்சு, இனி ஊருக்கு வரமாட்டன் எண்டு சொல்லுறார். சாப்பாடும் குறைஞ்சு போச்சு” என்றான்.

நெஞ்சுநோ, தலைச்சுற்று, மூச்சுத்திணறல், கால்வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்பதே எமது முதல் வினா. உண்டு என்றிருந்தால் பொறியைப் பற்றிய பேச்சையே எடுத்திரோம். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பியிருப்போம். இல்லை என்றான். வைத்தியரிடம் பரிசோதனைக்கு நாளும் குறித்தாயிற்று என்றான். அதன்பின்னரே அத்தானைத் தொலைபேசிக்கு அழைக்கச் சொன்னோம்.

“அத்தான், கொப்பியிலை நாடித்துடிப்பு எவ்வளவு எண்டு பாருங்கோ” என்றோம். 80 வாற்று நாட்களில் 104. 50 வாற்று நாட்களில் 86. இடையில் மருந்து மாற்றப்பட்டதா என்றும் கேட்டோம். ஏனெனில், இருதய நோயாளருக்குக் கொடுக்கும் சில மருந்துகள் நாடித்துடிப்பை அடக்கிவைக்கும். மருந்து மாறவில்லை. “உழக்கேக்கை மிதி கனக்குதோ, இலேசாய்க் கிடக்குதோ?” என்றோம். சிறிது நேரம் அமைதி. பின்பு, “இலேசாய்த்தான் கிடக்குது தம்பி. உன்னி உழக்கினால் கால் சறுக்கிற மாதிரிப் போகுது” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் மாறிற்று. முற்றத்து டைனமோ அவருக்கும் நினைவு வந்துவிட்டது போலும்.

இங்கே நேயர்கள் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். வலு என்பது சுழற்றும் முறுக்கத்தையும் சுழலும் வேகத்தையும் பெருக்க வருவது. நிமிடத்துக்கு 60 சுற்றில் 80 வாற்றுக்கு உழக்கினால், 17 சதம மீற்றர் நீளமுள்ள மிதித்தண்டில் கால்கள் சராசரியாக ஏழரைக் கிலோ நிறைக்கு ஒப்பான அழுத்தம் கொடுக்கின்றன. அதே வேகத்தில் 50 வாற்றென்றால் அழுத்தம் ஐந்து கிலோவுக்கும் குறைவு. மனிதன் தளர்ந்திருந்தால், குறைந்த வாற்றுக்கே மூச்சு வாங்கும், நாடி விரையும், அந்த ஐந்து கிலோவும் மலைபோற் கனக்கும். அத்தானுக்கோ மிதி இலேசு; நாடி அமைதி; மூச்சு சீர். வழமையான சுமையே அவர் காலுக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே, ஐயத்துக்குரியது முதலில் பொறியேயன்றி இருதயமன்று.

பொறியிலும் எவ்விடம் என்பதை மூன்று நிலைகளாற் பிரித்தறியலாம். மிதி வழமைபோற் கனத்து, எண் மட்டும் குறைந்தால், பிழை பெரும்பாலும் அளவீட்டிலே, பொறியைச் செம்மைப்படுத்தவேண்டும். எண் வருகிறது, ஆனால் திரையில் மலை வந்தும் தடை மாறவில்லை என்றால், பிழை கட்டளை செல்லும் வழியிலே. வீட்டிலுள்ள வேறொரு தொலைபேசி முன்னரே புளூடூத்தினாற் பொறியைப் பற்றிக்கொண்டிருக்கக்கூடும். மிதியும் இலேசாகி எண்ணும் விழுந்தால், ஒன்றில் காந்தத்துக்கு மின் போகவில்லை, அல்லது இடையில் எங்கேயோ பிடிப்பு வழுக்குகிறது. அத்தானின் நோய் இம்மூன்றாம் வகையது.

மருமகனைக் கீழே அனுப்பி, எளிதானதிலிருந்து அரிதானதற்கு ஒழுங்காகப் பார்க்கச் சொன்னோம். மின்செருகி இறுக்கமாக உள்ளது. பொறியின் விளக்கும் எரிகிறது. “நிலத்திலை, உருளைக்குக் கீழை என்ன கிடக்குது?” என்றோம். “கறுப்புத் தூள் மாமா. இரப்பர் மணமும் வருது” என்றான். நோய் அகப்பட்டுவிட்டது. வண்டியிலிருந்து அத்தானை இறங்கச் செய்து, மின்செருகியைக் கழற்றியபின், ஒரு கையாற் பாரச்சில்லை அசையாமற் பிடித்துக்கொண்டு மறு கையாற் பின்சில்லைத் திருப்பிப் பார்க்கும்படி சொன்னோம். டயர் உருளையின்மேல் எளிதாக வழுக்கிற்று.

காற்றழுத்தத்தை அளந்தான். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் இருக்கவேண்டிய டயரில் 60 இறாத்தலே இருந்தது. ஒடுங்கிய டயர்களில் காற்று டியூப்பினூடே மெல்ல மெல்லக் கசிந்துபோவது இயல்பு. குளிரும் சிறிது குறைக்கும். கார்த்திகைக்குப்பின் அவ்வண்டிக்கு எவரும் காற்றடிக்கவில்லை; ஓடாத வண்டிக்குக் காற்று எதற்கு என்று எவருக்கும் தோன்றுவதில்லை. உருளையை நெருக்கும் திருகும் தளர்ந்திருந்தது. சங்கிலிக்கு இட்ட எண்ணெய் தெறித்து டயரும் பளபளத்தது. காற்றடித்து, டயரையும் உருளையையும் துடைத்து, பொறியுடன் வந்த கைந்நூல் சொல்லும் அளவுக்குத் திருகை நெருக்கியபோது வழுக்கல் நின்றது.

அதனோடு வேலை முடியவில்லை. பிடிப்பை மாற்றினால் உராய்வும் மாறும். ஆகவே அளவீட்டையும் செம்மைப்படுத்தவேண்டும். பத்து நிமிடம் உழக்கிப் பொறியைச் சூடாக்கியபின், குறித்த வேகத்துக்கு உயர்த்திக் காலை நிறுத்திவிட்டால், சில்லு தானாகச் சுழன்று ஓயும். அது ஓய எடுக்கும் நேரத்தைக்கொண்டு பொறி தன் உராய்வைக் கணித்துக்கொள்ளும். இதனை மருமகனே உழக்கிச் செய்தான். சடுதியாக வேகம் கூட்டும் வேலை இருதய நோயாளருக்குரியதன்று. மறுநாள் அத்தானின் கொப்பியில் 78 வாற்று, நாடி 103 என்று பதிவாயிற்று. பரிசோதனையில் வைத்தியரும் குறையேதும் காணாமற் பயணத்துக்கு இசைந்தார். அவ்வாண்டு வைகாசியில் அத்தான் வந்தார், நடந்தார், இருமுறை இளைப்பாறினார், அக்காவின் நேர்த்தி நிறைவேறிற்று.

இத்தகைய பொறி வைத்திருக்கும் உறவினர் உள்ள நேயர்கள் சிலவற்றை நினைவிற் கொள்வது நன்று. வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தைப் பார்க்கவேண்டும். சங்கிலியை நேரே மாட்டும் வகையில் டயர் வழுக்கலுக்கு இடமில்லை. ஆனால் உள்ளே பட்டி இருக்குமாயின் அது தளர்ந்தால் அதுவும் வழுக்கும். அதனையும், மின் பாயும் பெட்டியையும் வீட்டிலே திறவாமல் விற்றவரிடம் ஒப்புவிப்பதே அறிவுடைமை. நெடுநேரம் உழக்கியபின் மட்டும் தடை குறைந்தால், காந்தத் தடுப்புச் சூடேறியிருக்கலாம், ஆறவிடவேண்டும். எவ்வாறாயினும், நோயாளர் ஒருவரின் எண் வீழ்ந்தால் உடலையும் பொறியையும் இரண்டையுமே சோதிக்கவேண்டும். பொறியைக் குற்றஞ்சாட்டி உடலை மறப்பது ஆபத்து. உடலைக் குற்றஞ்சாட்டிப் பொறியை மறப்பது துயரம்.

வகுப்பறையில் நிற்கும் எமக்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளையின் புள்ளி எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினால், வீட்டில் எழும் முதற்சொல் ‘பிள்ளை பழுதாகிவிட்டது’ என்பதே. சில நாட்களில் அப்பிள்ளையும் அவ்வாறே நம்பத் தொடங்கிவிடுகிறது. கரும்பலகை அதன் கண்ணுக்குத் தெரிகிறதா, இரவில் படிக்க அமைதியான ஓரிடம் உண்டா, முன்வகுப்பில் விட்டுப்போன ஓர் அடிப்படை உண்டா என்று பார்ப்பவர் சிலரே. பாடம் வந்து பற்றவேண்டிய இடத்திற் பிடிப்பு வழுக்கினால், எத்துணை நல்ல மூளையும் வெறுமனே சுழலும். எண் வீழ்ந்ததென்று ஆளைப் பழிக்குமுன், குனிந்து உருளையின் கீழே ஒருகணம் பார்ப்போமாக. பெரும்பாலும் அங்கே சிறிது கறுப்புத் தூள் கிடக்கும். சிறிது காற்றடித்தாற் போதும்.